முனிசீப் வேதநாயகம் பிள்ளை

பெரம்பலூரும் அரியலூரும் தெய்வபக்தியிற் சிறந்த ஊர்கள் சூழ்ந்தவை. சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயிலும், கல்லங்குறிச்சியிற் பெருமாள் கோயிலும், கங்கைகொண்ட சோழபுரத்திற் சிவாலயமும், ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் போற்றிய அடைக்கல மாதா ஆலயமும் விளங்குகின்றன. இத்தகைய நாட்டில் அரசாங்கம் எச்சமயத்தின் பக்கம் நிற்றல் வேண்டும் என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்கு விடையை ஒரு பெரியாரின் வாழ்விற் காண விரும்புகின்றோம். அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

அவர் 1826ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் கத்தோலிக்கக் குடியிற் பிறந்தார். நம் ஊர்களும் பன்னாள் அத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்கு உட்பட்டவையே. அந்நகரத்து நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த அவர், 1857இல் தரங்கம்பாடியில் முனிசீப் ஆயினார். பின்னர் மாயூரத்தில் 13 ஆண்டுகள் அப்பதவி வகித்தார்.

அவர் முன் வழக்குரைக்க வந்தோர் பல சமயத்தார். அவரோ தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். பற்றுடையார் நடுநிலை வழுவாதிருத்தல் கூடுமோ? கூடும் என்று அவர் வாழ்ந்து காட்டினார். சட்டம் ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடப்பின் ஏழைக்கு நீதி எட்டாது என்றுணர்ந்து, 1805 முதல் 1861 வரையிலான மேல்நீதிமன்றத் தீர்ப்புக்களைத் தமிழிற் பெயர்த்துச் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டார். வழக்குக்கள் தமிழிலேயே நடைபெற வேண்டுமெனத் தம் பிரதாப முதலியார் சரித்திரத்திலும் வற்புறுத்தினார்.

எச்சமயத்தாரும் தத்தம் கடவுளை நினைந்து பாடுமாறு சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். சைவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவரைத் தலைவராக வைத்துக் குளத்துக் கோவை பாடினார் எனின், அந்நட்பின் பெருமையை யாம் விரித்துரைத்தல் வேண்டுமோ? 1876 முதல் 1878 வரை கொடும்பஞ்சம் வருத்தியபோது, தம் பொருளைச் செலவிட்டு ஏழைகட்குக் கஞ்சி வார்த்தார். பசிக்குச் சமயபேதம் இல்லை யன்றோ! மாயூரம் நகரசபைத் தலைவராகவும் பணியாற்றி, 1889இல் இறைவனடி சேர்ந்தார்.

அவர் காலத்து அரசு அன்னியர் அரசு. குடிகளுக்கு அதனை மாற்றும் உரிமை இல்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டமோ வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமையும், எச்சமயத்தையும் பின்பற்றும் உரிமையும் அளித்தது. சமயச் சார்பற்ற என்னும் சொல் அதன் முகவுரையில் 1976இற் சேர்க்கப்பட்டது. எனினும் சொல் ஏட்டில் இருப்பின் மட்டும் போதாது. நாற்காலியில் அமர்வோன் நெஞ்சிலும் இருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நும்மிற் சிலர் நாளை ஊராட்சியிலும் தாலுகா அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் அமர்வீர்கள். திருவிழா வீதி குறித்தோ, இடுகாட்டுப் பாதை குறித்தோ இரு தெருவார் நும்முன் வந்து நிற்பர். ஒரு தெரு நும்முடையதாகவும் இருக்கலாம். அந்நாளில் நும் சமயத்தைத் துறக்க வேண்டுவதில்லை. மற்றைத் தெருவாரின் வழக்கை முழுதும் கேட்டல் வேண்டும். அதுவே வேதநாயகம் பிள்ளையின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் எனக் கொள்கின்றோம்.