மெழுகுவர்த்தியை வைத்துப் பாடம் நடத்திய ஃபாரடே

ஆயர் தாவார் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய வாழ்க்கை மைக்கேல் ஃபாரடேயுடையது. ரப்பரோடும் அவருக்கு உறவு உண்டு.

1791-இல் லண்டன் அருகே ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு சொற்பம். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் சேர்ந்து, அங்கு வந்த நூல்களையே படித்தார். 1812-இல் விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் உரைகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தாமே பைண்டிங் செய்து அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

1824-இல் வாயு ஆய்வுக்காக இரண்டு ரப்பர் தாள்களின் ஓரங்களை ஒட்டிப் பலூன் செய்தார். உட்பக்கம் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அவர் தூவியது வெறும் மாவு! அப்போது ரப்பர் தென் அமெரிக்கக் காட்டுச் சரக்கு. 1831-இல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கினார்.

இவ்வளவு பெரிய மனிதர் 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளுக்கு 6 உரைகள் ஆற்றினார். ஆறுக்கும் பொருள் ஒரே ஒரு மெழுகுவர்த்திதான்.

அதில் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். காற்றாடியை அடைத்துவிடுங்கள். எரியும் மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணைத்தவுடன், எழும் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடவேண்டாம். தீ புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். நாம் புகை என்று நினைப்பதில் ஆவியான மெழுகு இருக்கிறது. சுடராக எரிவதும் அந்த ஆவிதான்.

ஃபாரடே 1867-இல் மறைந்தார். நம் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டது அதற்கு 10 ஆண்டுகள் கழித்து, 1877-இல்.