பந்தாட்ட ஆசான் இரகீம்

சையது அப்துல் இரகீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியராய் அமர்ந்த அவர், பின்னர் உடற்பயிற்சிக் கலையையும் முறையாகப் பயின்றார். 1950-ஆம் ஆண்டில் ஐதராபாத்து நகரக் காவல்துறைக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளரானார். அவ்வணி அவ்வாண்டு தொடங்கி ஐந்தாண்டுகள் இடைவிடாது ரோவர்சுக் கோப்பையை வென்றது. இந்திய அணியும் அவர் பொறுப்பில் வந்தது. 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று பொற்பதக்கம் பெற்றது.

மறு ஆண்டே பேரிடி விழுந்தது. எல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியா 10 பந்துகளை அடிக்க, இந்தியா ஒன்றே அடித்தது. நம்மவருள் பலர் வெறுங்காலுடன் ஆடினர்; குளிரும் அவர்களை வாட்டியது. அந்நாளில் நம் நாட்டுப் போட்டிகள் பல 70 நிமிட அளவினவே. ஒலிம்பிக்கிலோ 90 நிமிடம் ஆடவேண்டும்.

அக்கூடுதல் நிமிடங்கள் எளியன அல்ல. சோறு, கம்பு, கேழ்வரகு முதலிய உணவுகளிலுள்ள மாவுப்பொருள் உடலில் சர்க்கரையாகித் தசைகளில் சேமிக்கப்படுகிறது. ஓடுவோன் அச்சேமிப்பையே செலவிடுகிறான். வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் சேமிப்புக் குறையவே கால் தளர்கிறது. கோடையில் அமராவதி மணலில் பந்தாடிய தாராபுரத்துச் சிறுவனுக்கு இதை விளக்கிக் கூற வேண்டியதில்லை. விரைந்தோடி நின்று, மீண்டும் விரைந்தோடுதல் இன்னும் கடினம். மூச்சுக்காற்று தசைகளின் தேவைக்கு ஈடுகொடுப்பதில்லை. நாள்தோறும் முறையாகப் பழகியவனுடைய நெஞ்சப்பை ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியைச் செலுத்துவதால், அவன் பிறரினும் பிந்திக் களைக்கிறான்.

இரகீம் கடும் ஒழுங்குடன் பயிற்சி அளித்தார். பந்தைத் தனியே உருட்டிச் செல்லலாகாது என்னும் விதியுடன் போட்டிகள் நடத்தினார். வலிமை குன்றிய காலால் மட்டுமே உதைக்கவேண்டிய போட்டிகளும் நடத்தினார். பந்து மனிதனைக் காட்டிலும் விரைந்து செல்வது. அதனை ஓடவிட்டால் ஆட்டக்காரனின் மூச்சு மிஞ்சும். ஆதலின் இது வெறும் ஆட்ட நுணுக்கமன்று, உடல்வலிமையைச் சிக்கனமாய்ச் செலவிடும் வழியுமாகும். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆசுதிரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம் பெற்றது. எல்சிங்கியில் தலைகவிழ்ந்த அணி நான்கே ஆண்டுகளில் இவ்வாறு நிமிர்ந்தது வியப்பே.

1962-இல் சாகர்த்தாவில் ஆசிய விளையாட்டு நடந்தபோது இரகீமை நோய் பற்றியிருந்தது. முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் தோற்றது. பின்வந்த ஆட்டங்களை வென்று இறுதியில் மீண்டும் அக்கொரியரையே எதிர்கொண்டது. தலையில் தையலிட்ட காயத்துடன் நின்ற தடுப்பாட்டக்காரர் சர்னயில் சிங்கை இரகீம் முன்னணியில் ஆடச் செய்தார். இலக்குக் காவலுக்குத் தங்கராசை நிறுத்தினார். நீலமலையின் வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு அணியில் ஆடிப் பெயர்பெற்ற நெடியவர் அவர், காய்ச்சலுற்றுத் தேறியிருந்தார். உயர்ந்து வரும் பந்துகளைப் பிடிக்க அவ்வுயரம் தேவைப்பட்டது. நோயுற்றவரையும் காயமுற்றவரையும் களமிறக்குதல் எவர்க்கும் துணிவான செயலே. அவரவர் உடலின் எல்லையை அளந்தறிந்த ஆசானே அதனைச் செய்ய இயலும். அரங்கில் திரண்ட பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகவே முழங்கியது. பானர்சியும் சர்னயிலும் ஆளுக்கொரு பந்து அடித்தனர். இறுதி நிமிடங்களில் கொரியர் ஒன்று அடித்தும், இந்தியா 2-1 என வென்றது.

அவ்வெற்றி செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் கிட்டியது. பிறர் மூச்சை வளர்த்த இரகீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963-ஆம் ஆண்டு சூன் திங்கள் 11-ஆம் நாள், தம் 53-ஆம் வயதில் அவர் மறைந்தார். 1970-இல் இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றது. பொற்பதக்கம் அதன்பின் இன்னும் கிட்டவில்லை.