ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் கடன்

குற்றாலத்திற் சாரல் பொய்த்த ஆண்டுகளில், குத்தகைக்கு எடுத்த கடையும் விடுதியும் கைப்பொருளை விழுங்கிவிட, இன்ஸால்வென்ஸி மனுக் கொடுக்கலாமாவென்று தென்காசி அன்பர் சிலர் நம்மை வினவுவதுண்டு. ஊரார் அதனை மஞ்சட் கடுதாசி என்பர். விடை கூறப் புகுமுன், அந்நாளைத் திருநெல்வேலி ஜில்லாவினரான பிள்ளையவர்களின் சரித்திரத்தைச் சிறிது நினைவூட்ட விரும்புகின்றோம்.

1872ஆம் ஆண்டு ஒட்டப்பிடாரத்திற் பிறந்து வக்கீலான அவர், 1906இல் பத்து லக்ஷ ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்றுக்கு ரூ. 25 வீதம், சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவினார். 1908இல் சிறை புகுந்தார். அவர் உள்ளேயிருக்கையில் கம்பெனியும் கலைந்தது. செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டதும் அக்காலத்தே, 1911இல். கம்பெனியின் கடன் பங்குதாரர் தலைமேல் விழாதென்பது சட்டம். ஆயின் 1912 டிஸம்பரில் விடுதலையானவருக்கு வக்கீல் ஸன்னதும் இல்லை, கைப்பொருளும் இல்லை. சென்னையில் வறுமையுற்றிருந்தபோது, தென்னாப்பிரிக்கத் தமிழர் தமக்கெனத் திரட்டியனுப்பிய ரூ. 347-12-0ஐக் காந்தியடிகளிடம் பன்முறை கடிதமெழுதிக் கேட்டு, 1916இலேயே பெற்றார். தம் பணத்தைத் தாமே கேட்டெழுதும் நிலை அவர்க்கு எத்துணை வருத்தந் தந்திருக்கும்! பின்னர் வாலஸ் துரையின் உதவியால் ஸன்னது மீண்டது. நன்றி மறவாது தம் மைந்தனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார்.

நிற்க. சட்டத்தின் இயல்பைச் சொல்லுவோம். வெளியூர்களுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி கடனாளி தாமே மனுச் செய்யக் கடன் ரூ. 500க்குக் குறையலாகாது. சொத்து ரிஸீவர் வசமாகும். உடுக்கும் துணி, சமையற் பாத்திரம், தொழிற் கருவி முதலியன தப்பும். மனுவுக்கு முந்திய மூன்று மாதத்தில் வேண்டியவர் ஒருவர்க்கு மட்டும் பக்ஷபாதமாய்த் தீர்த்த கடன் செல்லாது. மைத்துனர்க்கு முதலிற் கொடுத்துவிட்டு மனுவெழுத வருவோர் இதனை அறியார்! வஞ்சனையால் வந்த கடன் விடுதலைக்குப் பின்னும் நீங்காது.

மனுக் கொடுத்தவரெல்லாம் நாணயமற்றவர் என்னும் ஊர்ப்பேச்சை நாம் ஒப்பவில்லை. மூழ்கும் அளவு கடனுடையார்க்கு அது நேர்வழியே; ஒளித்து ஓடுதலினும் நன்று. மளிகை, ஜவுளி, வாடகை எனச் சில்லறையாய் நிற்கும் பாக்கிக்கு அதனை நாடுவதே நமக்குப் பொருந்தித் தோன்றவில்லை.

பிள்ளையவர்கள் விட்டுச்சென்ற கடன் இவ்வகையினதே. 1936இல் நோயுற்றுத் தூத்துக்குடியிற் படுத்திருந்தபோது எழுதுவித்த உயிலில், வீட்டு வாடகை பாக்கி முதலாகக் கடைக்காரர்க்குக் கொடுக்கவேண்டியவற்றைத் தொகையோடு குறித்து, தீர்த்துவிடும்படி வேண்டினார். பத்து லக்ஷம் மூலதனத்தில் கப்பல் விட்டவரின் கடைசிக் கணக்கு எண்ணெய்க் கடைப் பாக்கி வரை இறங்கி நிற்கின்றது. அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் அவர் காலமானார்.