தொலைபேசி தந்த பெல்

அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1847இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் பேச்சுக்கலை ஆசிரியர்; அன்னையார் செவிப்புலன் குன்றியவர். உடன்பிறந்தார் இருவரையும் காசநோய் கொண்டுசென்றபின், 1870இற் குடும்பம் கனடாவிற் குடியேறியது. பின்னர் பெல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் செவிடர்க்குப் பேசக் கற்பித்தார். பேச்சொலியின் இயல்பை நாடோறும் ஆராய்ந்த அவ்வாசிரியர், அதன் அதிர்வை மின்னோட்டமாக்கிக் கம்பிவழி செலுத்த முயன்றார். 1876 மார்ச்சு 10ஆம் நாள், மற்றோர் அறையிலிருந்த உதவியாளர் வாற்சன், கருவியில் அவரது அழைப்பைக் கேட்டு ஓடிவந்தார்.

மறு ஆண்டு பெல் மணந்த மேபல் அம்மையார், ஐந்தாம் வயதிற் செவிப்புலனை இழந்த அவர்தம் மாணவி. உலகம் வியந்து கேட்ட தொலைபேசிக் குரலை அவர் கேட்டதேயில்லை. கணவரின் இதழசைவே அவருக்குப் பேச்சாயிற்று.

1922 ஆகத்து 4இல் பெல் அடக்கஞ்செய்யப்பட்டபோது, வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனமாயின.

கேளாதார்க்குத் தொண்டுசெய்தவரே கேட்குங் கருவியைத் தந்தார். இளைஞர்காள்! கருவி இன்று நம் கையிலுளது. அயலார் துயர் கேட்குஞ் செவியையும் பெறுவோமாக.