சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சைச் சீமையிலுள்ள ரிஷியூரைச் சேர்ந்த குடும்பத்தில், 1886 ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார் சுப்புலட்சுமி. பதினோராம் வயதில் மணமுடித்தார்கள். சிறிது காலத்திலேயே கணவர் காலமானார். அப்படிப்பட்ட சிறுமியின் தலையை மழித்து, நல்ல காரியங்களில் முகம் காட்டாதபடி மூலையில் உட்கார்த்துவதே அன்றைய வழக்கம். தந்தை சுப்பிரமணிய ஐயர் அதற்கு இணங்காமல் மகளைப் படிக்க வைத்தார். எழும்பூர் பிரசன்டேஷன் கான்வென்டில் கன்னியரின் தொண்டு அவர் மனத்தில் பதிந்தது. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

மறு ஆண்டே, தம்மைப் போன்ற நான்கு சிறுமிகளை எழும்பூரில் தம் வீட்டிலேயே வைத்துக் கொண்டார். ஊரார் ஏசினர். தந்தை துணை நின்றார். இளமையிலேயே கணவரை இழந்த சித்தி வாலாம்பாள் எல்லாருக்கும் சோறிட்டுத் தாயானார். பள்ளி ஆய்வாளர் லிஞ்ச் அம்மையார் அரசு உதவிக்கு வழி செய்தார். இல்லம் வளர்ந்து, கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் பெயர்ந்தது. அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் அங்கே ஒன்றாக உண்டு, விளையாடி, பாடம் படித்தனர். பலர் ஆசிரியைகளாகிச் சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்தனர். அவ்வில்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இருந்தது என்பது இன்று நமக்கு உறுத்துகிறது. ஆயினும் அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அம்மையார் பள்ளி வைத்தார்.

1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பேற்றார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பர் 20ஆம் நாள் மறைந்தார்.