கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார் மேதை



எலக்ட்ரிக் கிட்டார் என்றதும் நம் கண் முன்னால் வருவது மேடையும், வண்ண விளக்கும், நீண்ட தலைமுடி வைத்த கலைஞர்களும்தான். அந்தக் கிட்டாரை எத்தனையோ பேர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் ஒரு ரேடியோ மெக்கானிக். இன்ஜினியரிங் பட்டம் கிடையாது. ஒரு கண்ணில் பார்வை கிடையாது. எல்லாவற்றையும் விட வேடிக்கை, அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது! அவர்தான் லியோ ஃபென்டர். சாலிடரிங் அயன் பிடிக்கிற நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

இளமைப் பருவம்

1909 ஆகஸ்டு 10-ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்ட்டன் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த விவசாயிகள். எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி வந்து, கண்ணையே எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். பள்ளிப் பருவத்தில், வாகன எலக்ட்ரிக் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் பழைய உதிரி பாகங்களை வைத்துத் தானே ஒரு ரேடியோ செய்து, கடை வாசலில் சத்தமாகப் பாட விட்டிருந்தார். அந்த ஒலி பையன் மனசில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் கல்லூரியில் அவர் படித்தது கணக்குப் பதிவியல்! எலக்ட்ரானிக்ஸ் முழுக்கத் தானாகவே கற்றுக்கொண்டதுதான். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கணக்கர் வேலை போனது. மனம் உடைந்து உட்காராமல், 600 டாலர் கடன் வாங்கி 1938-ல் ஃபுல்லர்ட்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். ரேடியோ, ரெக்கார்டு பிளேயர், மைக் செட் எல்லாம் அங்கே வந்தன. கூடவே இசைக் கலைஞர்களின் ஆம்பிளிஃபயர்களும் கிட்டார்களும் வந்தன.

ஊளையிட்ட கிட்டார்

அந்தக் காலத்தில் நடனக் கூடங்களில் கூட்டமும் பெரிசு, இரைச்சலும் பெரிசு. கிட்டார் சத்தம் எடுபடவில்லை. அதனால் உள்ளே குழிவான சாதாரண மரக் கிட்டாரிலேயே பிக்கப் பொருத்தி ஆம்பிளிஃபயரில் கொடுத்தார்கள். வால்யூமைக் கூட்டினால் போதும், கிட்டார் ஊளையிட ஆரம்பித்துவிடும்.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் காட்டினால் 'கூ'வென்று கத்தும் இல்லீங்களா, அதே கதை. ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரின் உடம்பை அதிர வைக்கும். உடம்பு கம்பியை அதிர வைக்கும். அது மறுபடி ஆம்பிளிஃபயருக்குள் போய்ப் பெரிதாகி வெளியே வரும். இந்தச் சுற்று நிற்காமல் ஓடுவதுதான் ஃபீட்பேக்.

லியோவும், அவருடைய நண்பர் டாக் காஃப்மனும் 1943 வாக்கில் ஒரு பிக்கப்பைச் சோதித்துப் பார்க்க, குழிவே இல்லாத கட்டி மரத்தில் ஒரு முரட்டுக் கிட்டார் செய்தார்கள். அது வெறும் டெஸ்டிங் சாமான். ஆனால் கேட்டவர்கள் அதை வாடகைக்குக் கேட்டு வாங்கிப் போக ஆரம்பித்தார்கள்! ஒலி தெளிவாக இருந்தது, நீண்ட நேரம் நின்றது, ஊளையும் இல்லை.

கட்டி மரக் கிட்டாரை முதன்முதலில் யோசித்தவர் லியோ என்று சொல்ல முடியாது. அவருக்கு முன்பே வேறு சிலரும் முயன்றிருக்கிறார்கள். ஆனால் அதை எளிமையாக, தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து, சாதாரணக் கலைஞனும் வாங்கும்படி கொடுத்துக் காட்டியவர் அவர்தான். 1946-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1950-ல் அவருடைய கட்டி மரக் கிட்டார் விற்பனைக்கு வந்தது. பிராட்காஸ்டர் என்று வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் டிரம் பெயரோடு மோதியதால் 1951-ல் டெலிகாஸ்டர் ஆனது. கழுத்துப் பகுதி ஸ்கிரூ போட்டு மாட்டியது. கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். ரிப்பேர் பார்த்த கைக்குத்தான் இந்த யோசனை வரும்!

ஆட வேண்டியது கம்பி மட்டும்

உடம்பை அடக்கியாச்சு. அப்படீன்னா பிரச்சினை முடிந்ததா? இல்லை. பிக்கப்புக்குள் இன்னொரு எதிரி ஒளிந்திருந்தான்.

பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றி, தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய காயில். மேலே உள்ள எஃகுக் கம்பி ஆடினால் காந்தப்புலம் மாறும், காயிலில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே விதிதான், வேறொன்றும் இல்லை. ஆனால் காயில் சுற்று தளர்ந்திருந்தால் அதுவே காந்தப்புலத்துக்குள் ஆடும். காயில் ஆடினாலும் மின்னழுத்தம் வரும் அல்லவா? அப்போது பிக்கப் ஒரு மட்டமான மைக் ஆகிவிடுகிறது. இதற்குத்தான் மைக்ரோபோனிக் என்று பெயர். குறைந்த சத்தத்தில் இது தெரியாது. கெயின் கூடினால் காதைக் கிழிக்கும் கீச்சொலி வரும்.

டெலிகாஸ்டரின் பாலப் பக்கப் பிக்கப்பைக் கவனித்தால் மருந்து தெரியும். காயில் மேல் நூல் இறுக்கிச் சுற்றியிருக்கும். மொத்தமும் உருக்கிய மெழுகில் முக்கி எடுத்திருக்கும். மெழுகு சந்து பொந்துக்குள் போய் உறைந்து ஒவ்வொரு சுற்றையும் பிடித்துக்கொள்ளும். கீழே ஒரு உலோகத் தகடு உண்டு. அதுவும் மெழுகால் ஒட்டியிருக்க வேண்டும். தகடு தளர்ந்தால் மறுபடி கீச்சொலிதான்.

ஆட வேண்டியது கம்பி மட்டும், மற்றதெல்லாம் அசையாமல் இருக்க வேண்டும். லியோவின் கிட்டாரை இந்த ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹம் வேறு, மைக்ரோபோனிக் வேறு. ஹம் என்பது மெயின்ஸ் கரண்டிலிருந்து வரும் உறுமல். 1957-ல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட, சேத் லவர் வடிவமைத்த இரட்டைக் காயில் பிக்கப் அந்த ஹம்மை அடக்கியது. ஆனால் அந்தப் பிக்கப்புகளை அப்போது மெழுகில் முக்கவில்லை. ஆகவே அதிக கெயினில் அவை கீச்சிடும். ஒரு நோய்க்கு மருந்து கொடுத்தால் அடுத்த நோயும் போகும் என்று நினைப்பது தப்பு!

கெயின் கூடிய காலம்

1954-ல் மூன்று பிக்கப் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. 1965-ல் உடல்நலக் குறைவு காரணமாகத் தன் நிறுவனத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றார் லியோ.

அதே காலத்தில் இங்கிலாந்தில் மார்ஷல் ஆம்பிளிஃபயர்கள் வந்தன. அவற்றின் முதல் சர்க்யூட்டே லியோவின் பாஸ்மேன் ஆம்பிளிஃபயரைப் பார்த்துச் செய்ததுதான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் மார்ஷலையும் சேர்த்து, 1969-ல் உட்ஸ்டாக் மேடையில் ஃபீட்பேக்கையே இசையாக்கினார். லியோ விரும்பிக் கேட்டது அமைதியான கிராமிய இசை. அவர் பயந்து விரட்டிய ஊளையை இன்னொருவர் அவர் கிட்டாரிலேயே பாட வைத்தார்!

ஆனால் அது கம்பி வழியாக வரும் ஃபீட்பேக். கலைஞன் விரலால் அதை ஏற்றலாம், இறக்கலாம், நிறுத்தலாம். காயில் வழியாக வரும் கீச்சொலி யார் சொல்லும் கேட்காது. இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ஆறு கம்பியையும் உள்ளங்கையால் அமுக்குங்கள். சத்தம் நின்றால் கம்பி ஃபீட்பேக். நிற்காவிட்டால் பிக்கப்பைச் சந்தேகப்படுங்கள். ஸ்கிரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பிக்கப்பை லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மைக்கைத் தட்டினது போலப் பலமாகக் கேட்கும்.

பாரஃபின் மெழுகில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸில் பிக்கப்பை முக்கி, காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருப்பார்கள். மெழுகுப் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். நேரடி நெருப்பில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும்! சூடு மிஞ்சினால் பிளாஸ்டிக் பாபின் வளைந்துவிடும். உலோக மூடி இருந்தால் அதற்கும் காயிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் நிரம்ப வேண்டும். பிக்கப் தப்பு இல்லையென்றால் ஆம்பிளிஃபயரின் முதல் வால்வைப் பென்சிலால் தட்டிப் பாருங்கள். வால்வுக்கும் இதே வியாதி வரும்.

கடைசி வரை வேலை

பணம் வந்தது, உடம்பும் தேறியது. லியோ ஓய்வெடுத்தாரா? இல்லை! 1970-களில் மியூசிக் மேன் நிறுவனத்துக்காக வடிவமைத்தார். பிறகு நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு ஜி அண்ட் எல் நிறுவனம் தொடங்கினார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய காலத்திலும் வேலை மேசைக்குப் போய் வந்தார். 1991 மார்ச் 21-ஆம் தேதி மறைந்தார். மறு வருடம் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது. கிட்டார் வாசிக்கவே தெரியாதவருக்கு!

நமக்கு என்ன பாடம்?

எங்க வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். டிப்ளமா முடித்துக் கடைசியில் மெக்கானிக்காகத்தானே போகப் போறே என்று தெருவில் கேட்பவர்கள் உண்டு. என்னைப் போலப் பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு லியோவின் வாழ்க்கையே பதில். ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு பொருளும் ஒரு கேள்வியோடு வருகிறது. சரிசெய்து காசு வாங்குகிறவன் மெக்கானிக். அது ஏன் கெட்டது, இனிமேல் கெடாமல் எப்படிச் செய்வது என்று அடுத்த படி யோசிக்கிறவனும் மெக்கானிக்தான், ஆனால் உலகம் அவன் வேலையை மறக்காது.

இன்னொன்றும் உண்டு. ஆம்பிளிஃபயருக்கு நல்லது கெட்டது தெரியாது. உள்ளே வந்ததைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். குறையை ஸ்பீக்கரில் தேடாமல், அது பிறக்கும் இடத்திலேயே மெழுகு ஊற்றிக் கட்டுவதுதான் நல்ல தொழில்.

அடிப்படையைக் கற்போம்! கையால் செய்து பார்ப்போம்! வெல்வோம்!

— இறுதியாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை