கடல் கடந்த தவம்

தவம் என்றவுடன் மலைக்குகையும் மரவுரியும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின் அந்நிய நாட்டு நகரமொன்றில், கடுங்குளிரிலும் பசியிலும், உற்றார் எவருமின்றித் தன் நெறியினின்று வழுவாது நாள்தோறும் வாழ்ந்து காட்டுதலும் தவமேயாகும். அத்தகைய தவத்தை இயற்றியவர் சுவாமி விவேகானந்தர். சிகாகோ சர்வமதப் பேரவையில் அவர் ஆற்றிய பேருரையை அறியாதார் இலர். அவ்வுரைக்கு முன்னும் பின்னும் அவ்விளந் துறவி அந்நாட்டில் எவ்வாறு உண்டார், எங்கு உறங்கினார், எதற்காக வருந்தினார் என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வரலாறு அடியார்கள் சிந்தித்தற்குரியது.

1863ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த சுவாமிகள், 1893ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறியபோது அவருக்கு வயது முப்பதே. வழிச்செலவிற்குரிய பொருளின் பெரும்பகுதி சென்னையிற் சேர்ந்தது. பள்ளி ஆசிரியராக விளங்கிய அளசிங்கப் பெருமாள் தம் நண்பர்களோடு வீடுவீடாகச் சென்று திரட்டிய பொருள் அது. செல்வர் தந்த தொகையோடு நடுத்தரக் குடும்பத்தினர் தந்த சிறு காணிக்கைகளும் அதிற் கலந்திருந்தன. காவியுடையும் தலைப்பாகையும் கேத்ரி மன்னரின் அன்பளிப்பு.

கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் வழியாகச் சென்று ஜூலைத் திங்கள் இறுதியில் சிகாகோவை அடைந்தார். அங்கே பேரிடி காத்திருந்தது. பேரவை கூடுவது செப்டம்பர் 11ஆம் நாள்தான். தக்க நிறுவனமொன்றின் சான்றிதழ் இல்லாதார் பேராளராக ஏற்கப்படார். பெயர் பதிவு செய்யும் காலமும் கடந்துவிட்டது. அனுப்பிய அன்பர்களோ, அனுப்பப்பெற்ற துறவியோ இவ்விதிகளை முன்னரே அறிந்திலர். கையிலிருந்த 179 பவுன், ஆகஸ்டு 20ஆம் நாளளவில் 130 பவுனாகக் குறைந்துவிட்டது. நாளொன்றுக்கு ஒரு பவுன் செலவாகும் நாட்டில் அத்தொகை எத்தனை நாள் நிற்கும்?

செலவு குறையும் எனக் கருதி பாஸ்டன் பகுதிக்குச் சென்றார். இரயிலில் அறிமுகமான கேட் சான்பர்ன் என்னும் மூதாட்டியார் தம் பண்ணை வீட்டில் தங்க இடமளித்தார். அதனால் நாளொன்றுக்கு ஒரு பவுன் மிச்சமாயிற்று. அம்மையாருக்கோ இந்தியாவிலிருந்து வந்த விந்தை மனிதரைத் தம் நண்பர்களுக்குக் காட்டும் பெருமை கிட்டிற்று. இதனைச் சுவாமிகளே தம் கடிதத்தில் நகைச்சுவையுடன் குறித்துள்ளார். தெருவில் நடந்தால் அவருடைய உடையைக் கண்டு கூட்டம் கூடிற்று. ஏளனக் கூச்சலும் எழுந்தது. ஆகவே, நீண்ட கருஞ்சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டு, காவியுடையைச் சொற்பொழிவு மேடைக்கென வைத்துக்கொண்டார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் என்பார் சுவாமிகளின் அறிவாழத்தைக் கண்டு வியந்து, பேரவைக் குழுவினருக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆயின் சிகாகோவிற்கு மீண்டும் வந்திறங்கியபோது, செல்லவேண்டிய முகவரித் தாள் தொலைந்து போயிருந்தது. அன்றிரவு இரயில் நிலையத்துச் சரக்குப் பகுதியிற் கிடந்த வெற்றுப் பெட்டி ஒன்றில் அவர் உறங்கினார். பொழுது புலர்ந்ததும், பாரத நாட்டுத் துறவியின் மரபுப்படி வீடுவீடாகச் சென்று உணவும் வழியும் வேண்டினார். பிச்சையேற்கும் துறவியை அறியாத நாடு அது. கதவுகள் அவர் முகத்தெதிரே சாத்தப்பட்டன. களைத்துப்போய்த் தெருவோரத்தில், இறைவன் விட்ட வழியென அமர்ந்துவிட்டார். அப்பொழுது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஹேல் என்பாரின் மனைவியார் வெளிவந்து, பேரவைக்கு வந்தவரோ என வினவி, உள்ளே அழைத்து உணவளித்து, குழுவினரிடம் தாமே அழைத்துச் சென்றார். டியர்பார்ன் அவென்யூ 541ஆம் எண்ணுடைய அவ்வில்லமே பின்னர் அமெரிக்காவில் அவருக்குத் தாய்வீடாயிற்று. அவ்வீட்டுப் பெண்மக்கள் அவருக்கு உடன்பிறந்த தங்கையர் போலாயினர்.

செப்டம்பர் 11ஆம் நாள் அவர் பெற்ற புகழை உலகம் அறியும். ஆயின் அன்றிரவு செல்வர் ஒருவர் இல்லத்தில் மென்பஞ்சணை அவருக்கு முள்ளாயிற்று என்று அவர்தம் வரலாறு கூறும். தாய்நாட்டில் பசித்திருக்கும் ஏழைமக்களை எண்ணிக் கண்ணீர் விட்டார். மஞ்சத்தை விட்டிறங்கித் தரையிற் கிடந்தார். புகழ் வந்த அன்றே ஏழையை மறவாத உள்ளமே துறவுள்ளம் அன்றோ!

அதன்பின் சொற்பொழிவு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். தாய்நாட்டுப் பணிகளுக்குப் பொருள் ஈட்டலாம் என்பது அவர் எண்ணம். ஒரு கூட்டத்தில் 2,500 டாலர் வசூலாகியும் அவர் கைக்கு 200 டாலரே வந்தது. 1894இல் அவ்வொப்பந்தத்தை நட்டத்துடன் முறித்துக்கொண்டார். நிறத்தின் பொருட்டுச் சில ஊர்களில் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டது. அவரை நீக்ரோவர் எனக் கருதினர். தாம் இந்தியர் என்று சொல்லியிருக்கலாமே என ஒருவர் வினவியபோது, பிறரைத் தாழ்த்தித் தாம் உயர்வதோ என்று கடிந்து மறுத்துவிட்டார்.

இவற்றினும் பெருந்துயர் வேறொன்று. அவர் இந்து சமயத்தின் பிரதிநிதியே அல்லர் என்று எதிரிகள் அவதூறு பரப்பினர். அதனை மறுக்கத் தாய்நாட்டிலிருந்து ஒரு சொல் வரவேண்டும். திங்கள் பல கடந்தும் வரவில்லை. பொதுக்கூட்டம் கூட்டித் தீர்மானம் அனுப்புமாறு சென்னை அன்பர்களுக்கு எழுதினார். தமக்கு நிழல் தந்த நண்பர்களின் முன் தாம் வஞ்சகராகத் தோன்றலாகாது என்பதே அவர் கவலை. 1894 ஏப்ரலில் சென்னையிலும், செப்டம்பரில் கல்கத்தாவிலும் பாராட்டுக் கூட்டங்கள் நடந்தன. அச்செய்தி கிட்டியபோதுதான் அவர் உள்ளச்சுமை நீங்கிற்று. தொலைவிலிருந்து தொண்டு புரிவோர்க்கு ஊரார் காட்டும் ஆதரவு எத்துணை வலிமை தரும் என்பதற்கு இது சான்று.

1895ஆம் ஆண்டு ஜனவரி முதல் நியூயார்க் நகரில் மேற்கு 33ஆம் தெருவில், எளியோர் வாழும் பகுதியில், வாடகை அறையெடுத்து வேதாந்த வகுப்புகள் நடத்தினார். நாற்காலிகள் போதாமையால் மாணாக்கர் தரையிலும் மாடிப்படியிலும் அமர்ந்து கேட்டனர். சமய போதனைக்குக் கட்டணம் பெறுவதில்லை என்பது அவர் விரதம். அன்பர்கள் விரும்பி இட்ட காணிக்கை வாடகைக்குப் போதாதபோது, பிற பொருள்கள் பற்றிப் பொதுச் சொற்பொழிவு செய்து அக்குறையை நிரப்பினார். இரவில் சீடர் லாண்ட்ஸ்பர்க்குடன் அரிசியும் பருப்பும், அன்றேல் பார்லியும் தாமே சமைத்துண்டார். மாளிகைகளில் விருந்தினராக இருந்த நாட்களினும் அவ்வெளிய அறையிலேயே தம்மை மெய்யான துறவியாக உணர்ந்தார்.

அவ்வாண்டுக் கோடையில், செயின்ட் லாரன்ஸ் நதியிலுள்ள ஆயிரந்தீவுப் பூங்காவில், ஏழு வாரம் மாணாக்கரோடு குருகுலவாசம் போல் வாழ்ந்தார். பன்னிருவர் அங்குக் கூடினர். இருவர் டெட்ராய்ட் நகரிலிருந்து மழையிரவில் முன்னறிவிப்பின்றி வந்து அடைக்கலம் புகுந்தனர். அவ்விருவருள் ஒருவரான கிறிஸ்டின் அம்மையார் பிற்காலத்தில் கல்கத்தாவில் நிவேதிதை தேவியாரின் பள்ளியிற் பணிபுரிந்தார். சுவாமிகள் போதித்ததோடு நில்லாது, அம்மாணாக்கருக்குத் தம் கையாற் சமைத்தும் பரிமாறினார். அவ்வாண்டு டிசம்பரில் சுருக்கெழுத்தாளராகக் கூலிக்கு அமர்ந்த குட்வின் என்பார் சில நாட்களில் கூலியை மறுத்துச் சீடரானார். 1898இல் உதகமண்டலத்தில் உயிர் நீத்தார். அந்நாட்களிலேயே அமெரிக்காவிலிருந்து சுவாமிகள் பொருளனுப்பித் துணைநிற்க, சென்னையில் அளசிங்கர் பிரம்மவாதின் இதழைத் தொடங்கினார். வீடுவீடாகத் திரட்டி அனுப்பிய கைக்கு, வட்டியோடு திரும்பி வந்த காணிக்கை அது.

1897ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் சுவாமிகள் பாம்பனில் வந்திறங்கியபோது, இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். சரக்குப் பெட்டியிற் படுத்துறங்கியவரின் ஊர்தியை மன்னரும் மக்களோடு சேர்ந்து இழுத்தார். மறுநாள் இராமேசுவரத் திருக்கோயிலில் சுவாமிகள் பேசியது தம் வெற்றியைப் பற்றியன்று. இலிங்கத் திருமேனியில் மட்டும் சிவனைக் காண்பவன் வழிபாட்டின் தொடக்கத்தில் நிற்பவன் என்றும், ஏழையிடத்தும் நோயுற்றாரிடத்தும் சிவனைக் கண்டு தொண்டு செய்பவனே மெய்யடியான் என்றும் அறிவுறுத்தினார். கதவடைப்புண்டு தெருவோரத்தில் அமர்ந்த பசியை அறிந்தவர் கூறிய சொல் அது.

1902ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், முப்பத்தொன்பதாம் வயதில், அவர் பூவுடல் நீத்தார். திருக்குடமுழுக்குக் கண்டு கோபுரம் பொலியும் நன்னாளில், கோயில் வாயிலில் வந்து நிற்கும் பசித்தவனுக்கும் ஒரு கதவு திறக்குமாயின், அதுவே அத்தவச் செல்வருக்குச் செய்யும் வழிபாடாகும். இறைவனும் அதனை உவந்தேற்பான். அவன் திருவருள் எங்கும் தழைப்பதாக!